மேலே எழுப்புவதா, பின்னால் நீட்டுவதா? 1950களின் ரான்ச் வீட்டுக்கு முன்னுள்ள வழிகள்

கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில் 1950களில் எழுந்த வீடு ஒன்றை வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரே சாயலுள்ள வீட்டைத்தான் வாங்குகிறார். ஒரே தளம், தெருவுக்கு இணையாக நீண்டு கிடக்கும் உருவம், சாய்வு குறைந்த கூரை, சுவரைத் தாண்டி இரண்டு மூன்று அடி நீளும் இறவாரம், ஒரு கோடியில் இரண்டு கார்கள் நிற்கும் காரேஜ், மறுகோடியில் குறுகலான நடையை ஒட்டி மூன்று படுக்கையறைகள், பின்னால் தோட்டத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவு. மொத்தப் பரப்பு 1,100 முதல் 1,400 சதுர அடிக்குள் அடங்கிவிடும். ரான்ச் வீடு என்று அழைக்கப்படும் இதைப் பெரிதாக்குவது எப்படி என்ற கேள்வி, இங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் ஏதோ ஒரு கட்டத்தில் எழுகிறது. எங்கள் வீட்டில் அது எழுந்து, ஓராண்டு காலம் வரைபடங்களோடும் பொறியாளர்களோடும் செலவிட்ட பிறகே ஒரு முடிவுக்கு வந்தோம். அந்த ஓராண்டில் தெரிந்துகொண்டதைக் கொண்டு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

இந்த வடிவம் தற்செயலாகத் தோன்றியதன்று. கிளிஃப் மே என்ற வடிவமைப்பாளர் 1930களின் தொடக்கத்தில் சான் டியேகோவில் கட்டிய வீடுகள், கலிஃபோர்னியாவின் பழைய ஸ்பானியப் பண்ணை வீடுகளைப் பின்பற்றித் திறந்த முற்றத்தின் ஓரமாக அறைகளை வரிசையாக வைத்தன. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்கடன் உத்தரவாதம் அளித்தபோது, விரைவாகக் கட்டி முடிக்கக்கூடிய ஒருதள வீடு நாடெங்கும் பரவியது. இந்தப் பள்ளத்தாக்கின் ஆப்ரிகாட், பிளம் தோப்புகள் இருந்த இடங்களில் தெருத்தெருவாக அவ்வீடுகள் எழுந்தன. இவ்வீட்டின் எல்லா அறைகளும் மண்ணை ஒட்டி இருக்கின்றன, எந்த அறையிலிருந்தும் பத்து அடி நடந்தால் வெளியே வந்துவிடலாம், எல்லா அறைகளுக்கும் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிறது. அறைகள் சிறியவையாக இருந்தும் வீடு நெருக்கடியாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். ஆகவே எந்த வழியையும் எடைபோடும்போது, அது எத்தனை சதுர அடியைச் சேர்க்கிறது என்பதோடு, தோட்டத்தோடும் வெளிச்சத்தோடும் இவ்வீட்டுக்கு உள்ள உறவில் எதை எடுத்துக்கொள்கிறது என்பதையும் கணக்கில் வைத்தோம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மனையில் இடம் இருக்கும்வரை இவ்வகை வீடு தரையிலேயே நீள வேண்டும், மேலே எழுப்புவது வேறு வழியே இல்லாதபோது மட்டும் கையில் எடுக்க வேண்டியது.

எங்கள் வீடு 1956இல் கட்டப்பட்டது. 1,180 சதுர அடி. அதற்கு வெளியே 420 சதுர அடி காரேஜ். மனை 60 அடிக்கு 100 அடி. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், ஆண்டுக்கு ஆறு மாதம் வந்து தங்கும் என் அம்மா. எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி உள்ளவர். எங்களுக்குத் தேவைப்பட்டவை, குளியலறையோடு சேர்ந்த ஒரு படுக்கையறை, கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்க ஓர் அறை, இருவர் ஒன்றாக நின்று சமைக்கக்கூடிய அடுக்களை. மொத்தத்தில் 500 முதல் 600 சதுர அடி.

முதலில் வீட்டின் உடல்நிலை

எந்த வழி நல்லது என்று பேசத் தொடங்கும் முன்பே, இருக்கும் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். நாங்கள் முதல் இரண்டு மாதங்களை வரைபடத்தில் கழித்துவிட்டு அதன் பிறகே தரைக்கு அடியில் ஆளை அனுப்பினோம். வரிசையை மாற்றியிருந்தால் அந்த வரைபடங்களில் பாதி தேவைப்பட்டிருக்காது.

இப்பகுதியின் 1950களின் வீடுகளில் பல, சுற்றிலும் கான்கிரீட் அடித்தளச் சுவரும் நடுவில் மரத்தூண்களும் தாங்க, தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் இடையே ஒருவர் தவழ்ந்து போகும் அளவு வெற்றிடம் விட்டுக் கட்டப்பட்டவை. வேறு பல வீடுகள் மண்ணின்மீதே ஊற்றிய கான்கிரீட் தளத்தின்மேல் நிற்கின்றன. இந்த வேறுபாடு பின்னால் வரும் ஒவ்வொரு செலவையும் தீர்மானிக்கிறது. வெற்றிடம் இருந்தால் கழிவறையை நான்கு அடி நகர்த்துவது இரண்டு நாள் வேலை. கான்கிரீட் தளமாக இருந்தால் அதை அறுத்து, மண்ணைத் தோண்டி, குழாயைப் பதித்து, மீண்டும் ஊற்ற வேண்டும்.

பள்ளத்தாக்கின் களிமண் மழைக்காலத்தில் ஊறி உப்பி, கோடையில் சுருங்கும். பழைய அடித்தளம் எழுபது ஆண்டுகளாக அதனோடு சேர்ந்து அசைந்து பழகியது. அதனருகே புதிதாக ஊற்றும் அடித்தளம் அப்படிப் பழகியதன்று. இரண்டையும் கம்பிகளால் முறையாகப் பிணைத்து, புதியதைப் போதிய ஆழத்துக்குக் கொண்டுபோகாவிட்டால், இணைப்பு இருக்கும் இடத்திலேயே சுவரில் விரிசல் ஓடும். பழைய வீட்டுக்குச் சேர்க்கை கட்டியவர்களின் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் அந்த இணைப்பு இருக்கும் மூலையைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தண்ணீர்க் குழாய்கள் துத்தநாகம் பூசிய இரும்பாக இருந்தால் அவற்றின் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. உள்ளே துருவேறி வழி அடைபட்டிருக்கும். 1962க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் மின் இணைப்புகளில் பல தரையிணைப்பு இல்லாத இரட்டைக் கம்பி கொண்டவை. தெருவுக்குப் போகும் சாக்கடைக் குழாய் சுட்ட களிமண்ணாகவோ, தாரில் தோய்த்த நாரால் செய்ததாகவோ இருக்கக்கூடும். கேமராவை உள்ளே விட்டுப் பார்க்காமல் புதிய குளியலறையை அதனோடு இணைக்கக் கூடாது. ஒன்பது அங்குலச் சதுரமான பழைய தரை ஓடுகளிலும் அவற்றுக்கு அடியிலுள்ள கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது மிகவும் வழக்கம். வீட்டுச் சாயத்தில் ஈயம் 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. ஆகையால் அதற்கு முற்பட்ட வீட்டில் கூலிக்கு வேலை செய்யும் நிறுவனம் ஈயத்தைக் கையாளும் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது 2010 முதல் நடைமுறையில் உள்ள விதி. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை எந்தச் சிக்கனத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. பின்புறம் கண்ணாடி போட்டு மூடிய ஓர் அறையை முந்தைய உரிமையாளர் ஒருவர் சேர்த்திருந்தார். வாங்கும்போது அது எங்களுக்குப் போனசாகத் தோன்றியது. நகர அலுவலகப் பதிவேட்டில் அப்படி ஓர் அறையே இல்லை. அடித்தளம் இல்லாமல், பழைய நடைமேடையின் நான்கு அங்குல கான்கிரீட்டின்மீதே சுவர் எழுப்பப்பட்டிருந்தது. அதை அனுமதிக்கு உட்படுத்த வழியில்லை. அகற்றிவிட்டுத்தான் எதையும் தொடங்க முடியும் என்றானது.

கட்டாமலே கிடைக்கும் இடம்

ஒரு சதுர அடியும் சேர்க்காமல் உள்ளேயே மாற்றியமைப்பது முதல் வழி. அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் வீடு இருமடங்காகத் தெரியும் என்பார்கள், தெரியத்தான் செய்யும். ஆனால் ரான்ச் வீட்டின் நீளவாக்கில் நடுவே ஓடும் அந்தச் சுவர்தான் பல வீடுகளில் சுமைதாங்கிச் சுவர். கூரையின் உள்விட்டங்கள் அதன்மேல்தான் அமர்ந்திருக்கின்றன. அதை எடுக்க வேண்டுமானால் ஓர் உத்தரம், அதன் இரு முனைகளிலும் தூண்கள், தூண்களுக்கு அடியில் புதிய கான்கிரீட் பாதங்கள், நிலநடுக்கத்தின் பக்கவாட்டு அசைவைத் தாங்க வேறொரு சுவருக்கு பிளைவுட் வலுவூட்டல் எல்லாம் வேண்டும். உள்கூரையை நீக்கி முகடு வரை உயர்த்த விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். உள்கூரையின் கிடைவிட்டங்கள் சுண்ணாம்புப் பலகையைத் தொங்கவிடுவதற்காக மட்டும் இருப்பவை அல்ல. கைமரங்கள் அகன்று சுவரை வெளியே தள்ளாதபடி இழுத்துப் பிடித்திருப்பவையும் அவையே. அவற்றை வெட்டினால் முகட்டில் சுமைதாங்கும் உத்தரம் ஒன்று வந்தாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இதுவே மிகக் குறைந்த செலவுள்ள வழி, வீட்டின் இயல்பை மாற்றாத வழி. நால்வர் மட்டுமே வாழும் குடும்பமாக இருந்திருந்தால் நான் இதோடு நின்றிருப்பேன். எங்களுக்கு வேண்டியிருந்தது கூடுதலாக ஒரு படுக்கையறை. சுவரை எடுப்பதால் அது கிடைக்காது.

காரேஜும் தோட்டத்துச் சிறுவீடும்

காரேஜை அறையாக்குவது எளிது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கூரையும் மூன்று சுவர்களும் இருக்கின்றன என்பது உண்மைதான். அதன் தளமோ வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்து, தண்ணீர் வெளியேற வசதியாகக் கதவை நோக்கிச் சரிந்திருக்கும். அடியில் ஈரத்தடுப்பு இருக்காது. சுவர்களில் வெப்பக்காப்பு இருக்காது. வெந்நீர்க் கலன், துணி துவைக்கும் இயந்திரம், மின்பெட்டி எல்லாம் அங்கேயே இருக்கும். தரையை உயர்த்தி, இவற்றை நகர்த்தி முடிக்கும்போது மிச்சமென்று நினைத்ததில் பெரும்பகுதி போய்விடும்.

சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தால் இவ்வழி கவர்ச்சியானது. காரேஜைத் தனிக்குடியிருப்பாக மாற்றினால் அதற்கு ஈடாக வேறு கார் நிறுத்துமிடம் காட்ட வேண்டியதில்லை என்பது 2020 முதல் மாநிலச் சட்டம். வீட்டின் சுவர்களுக்குள்ளேயே, 500 சதுர அடிக்கு மேற்படாமல், தனி வாசலும் சிறிய சமையல் மேடையும் கொண்ட இளைய வகைக் குடியிருப்புக்கும் இடமுண்டு. அதே காரேஜைத் தனிக்குடியிருப்பாக இல்லாமல் வெறும் படுக்கையறையாக மாற்றினால், மூடிய நிறுத்துமிடம் வேண்டும் என்ற நகர விதி குறுக்கே வரக்கூடும். இந்த நுட்பத்தை அறியாமல் வரைபடம் போட்டுத் திரும்பிவந்தவர்கள் உண்டு.

தோட்டத்தில் தனியாக ஒரு சிறுவீடு கட்டுவதும் இதே சட்டக் குடும்பத்தைச் சேர்ந்தது. 800 சதுர அடி வரையிலான சிறுவீட்டை, பக்க எல்லையிலிருந்தும் பின் எல்லையிலிருந்தும் நான்கு அடி விட்டுக் கட்டினால், மனை அளவு பற்றிய விதிகளைக் காட்டி நகரம் மறுக்க முடியாது. முழுமையான விண்ணப்பத்தை 60 நாட்களுக்குள் முடித்துக்கொடுக்க வேண்டும். 750 சதுர அடிக்கு உட்பட்டால் ஊர் வளர்ச்சிக்கென வாங்கும் கட்டணம் இல்லை. கட்டும் காலத்தில் வீட்டில் குடியிருக்கலாம், பின்னால் வாடகைக்கு விடலாம். வாடகை வருமானம் முதன்மையான நோக்கமாக உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

எங்கள் தேவைக்கு அது பொருந்தவில்லை. ஜனவரி மழையில், இரவு பதினொரு மணிக்கு, அம்மா தோட்டத்தைக் கடந்து தன் அறைக்குப் போவதை என்னால் மனத்தில் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. காலையில் அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்து வந்து காப்பிக்கு உட்காருகிறவர் அவர். அவருக்குத் தனிச் சமையலறை கொடுப்பது அவரை மரியாதையாக விலக்கி வைப்பதாகவே முடியும். தவிர, அந்தச் சிறுவீடு தோட்டத்தின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளும். கூடத்துக் கண்ணாடிக் கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு சுவர் நிற்கும்.

மேலே எழுப்புவது

இரண்டாம் தளத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்றே: மனையின் இடம் குறையாது. விலை மிகுந்த மண் உள்ள ஊரில் அது சிறிய வாதமன்று. நானும் ஆறு வாரங்கள் அந்தப் பக்கம்தான் இருந்தேன். கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்த நாளில் என் எண்ணம் மாறத் தொடங்கியது.

ஒருதள வீட்டின் அடித்தளம் ஒரு தளத்துக்காகவே கணக்கிடப்பட்டது. நெடுங்காலமாக வழக்கில் இருந்த கட்டிட விதியின்படி, ஒரு தளத்துக்கு அடித்தளத்தின் அகலம் 12 அங்குலமும் ஆழம் 12 அங்குலமும் போதும். இரண்டு தளங்களுக்கு அகலம் 15, ஆழம் 18 அங்குலம் வேண்டும். 1950களில் ஊற்றிய அடித்தளங்களில் கம்பி எவ்வளவு இருக்கிறது, இருக்கிறதா என்பதையே தோண்டித்தான் அறிய முடியும். எங்கள் வீட்டில் தோண்டிய இரண்டு இடங்களில் ஒன்றில் ஒரே ஒரு கம்பி இருந்தது. மற்றொன்றில் எதுவும் இல்லை. ஆகவே மேல்தளத்தின் சுமை இறங்கும் இடங்களிலெல்லாம் பழைய அடித்தளத்தை அகலப்படுத்த வேண்டும் அல்லது அடியில் புதிதாகத் தாங்கு கொடுக்க வேண்டும்.

அடுத்தது, உள்கூரையின் விட்டங்கள். அவை பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு அங்குல உயரமுள்ளவை. மனிதர்கள் நடமாடும் தளத்துக்குப் பத்து அங்குல விட்டங்களாவது தேவைப்படும். எனவே இருக்கும் கூரை மட்டும் போவதில்லை, கீழறைகளின் உள்கூரையும் போகிறது. அதோடு விளக்குகள், மின்கம்பிகள், காற்றுக்குழாய்கள் எல்லாம் போகின்றன. கீழே தொடாமல் மேலே மட்டும் கட்டுவது என்று ஒன்று கிடையாது. நிலநடுக்க விதி இதைவிடக் கடுமையானது. பின்புறம் முழுக்கக் கண்ணாடியும் முன்புறம் அகலமான காரேஜ் கதவும் உள்ள வீடு, பக்கவாட்டு விசைக்கு ஏற்கெனவே பலவீனமானது. அதன் தலைமேல் ஒரு தளத்தை ஏற்றும்போது அந்தத் திறப்புகளில் சிலவற்றை மூடியோ இரும்புச் சட்டகம் வைத்தோதான் ஈடுசெய்ய முடியும். 1989இன் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தை நினைவில் வைத்திருக்கும் ஊரில் இதை மிகையான எச்சரிக்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு படிக்கட்டு. எட்டு அடி உயர அறைக்கு மேல் ஓரடி கனமுள்ள தளம் என்றால் ஏற வேண்டியது 108 அங்குலம். ஒரு படியின் உயரம் ஏழேமுக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதால் 14 ஏற்றங்கள் வரும். 10 அங்குல மிதிபலகைகள் 13 வைத்தால் நீளம் ஏறத்தாழ 11 அடி. மேலும் கீழும் மூன்றடி நிற்குமிடம் சேர்த்தால் 17 அடி. மூன்றரை அடி அகலத்தில் இது கிட்டத்தட்ட 60 சதுர அடி. மேலே படிக்கட்டின் திறப்புக்கும் அங்கிருந்து அறைகளுக்குப் போகும் நடைக்கும் இன்னொரு பங்கு. 600 சதுர அடி வேண்டி மேலே ஏறுகிறவர் கீழே ஒரு சிறிய அறையையே இழக்கிறார். இருக்கும் மூன்று அறைகளில் ஒன்று போய் அதன் இடத்தில் படிக்கட்டு வரும் வரைபடத்தைத்தான் எங்களுக்கும் போட்டுக் கொடுத்தார்கள்.

கூரையைத் திறந்த பிறகு வீட்டில் குடியிருக்க முடியாது. பல மாத வாடகையைக் கட்டிடச் செலவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தெருவிலிருந்து பார்க்கும்போது வீட்டின் உருவமும் குலைகிறது. கிடையாக நீண்ட உடலின் நடுவே பெட்டியை ஏற்றிவைத்தது போன்ற சேர்க்கைகளை எங்கள் பகுதியில் தெருவுக்கு ஒன்றாகக் காணலாம். நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல்தளத்தைப் பின்னுக்குத் தள்ளி, காரேஜின் மேலோ ஒரு கோடியிலோ வைத்து, பழைய இறவாரக் கோட்டை அறுபடாமல் ஓடவிட்டிருக்கிறார்கள். மனை 5,000 சதுர அடிக்கும் குறைவாக இருந்து, பிள்ளைகள் வளர்ந்தவர்களாக இருந்தால், அப்படி ஒரு வரைபடத்தை நானும் ஏற்றிருப்பேன்.

இந்த இடத்தில் ஐக்லர் வீடுகளைத் தனியே குறிப்பிட வேண்டும். ஜோசப் ஐக்லர் கலிஃபோர்னியாவில் கட்டிய ஏறத்தாழ 11,000 வீடுகளில் பெரும்பகுதி சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருக்கிறது. சன்னிவேலிலும் பாலோ ஆல்டோவிலும் அவற்றில் குடியிருக்கும் தமிழர்களும் உண்டு. தூணும் உத்தரமுமாக நிற்கும் கட்டமைப்பு, உள்ளிருந்து தெரியும் பலகைக் கூரை, பரண்வெளியே இல்லாமை, கான்கிரீட் தளத்துக்குள் வெந்நீர்க் குழாய்களை ஓடவிட்டுச் சூடாக்கும் முறை, பல வீடுகளில் வாசலைக் கடந்ததும் வானம் பார்த்த முற்றம் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். வீட்டின் நடுவே முற்றம் வைத்து வாழ்ந்த நமக்கு அது விளக்கம் தேவைப்படாத இடம். இவ்வீடுகளில் சாதாரண ரான்ச் வீட்டுக்குச் சொன்ன எதையும் அப்படியே செய்யக் கூடாது: தளத்தை அறுத்தால் வெந்நீர்க் குழாய் அறுபடும், ஆகையால் வெப்பக் கேமராவால் முதலில் குழாயின் வழியைக் கண்டறிய வேண்டும், பரண் இல்லாததால் புதிய மின்கம்பி போகும் வழியையே தனியாகத் திட்டமிட வேண்டும். பாலோ ஆல்டோவின் கிரீன்மெடோ, கிரீன் கேபிள்ஸ் ஆகிய ஐக்லர் குடியிருப்புகள் 2005இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அந்நகரிலும் சன்னிவேலிலும் சில குடியிருப்புப் பகுதிகளில் இரண்டாம் தளமே கூடாது என்ற விதி உள்ளது. அந்த விதி நியாயமானது என்றே நினைக்கிறேன். கண்ணாடியையே சுவராகக் கொண்ட வீட்டுக்கு அருகில் ஒருவர் மாடி எழுப்பினால், பக்கத்து வீட்டார் தம் கூடத்தில் திரை போட்டுக்கொண்டு வாழ வேண்டியதாகிவிடும்.

பின்னால் நீட்டுவது

எங்கள் மனையின் கணக்கு இது. முன்புறம் 20 அடி விட்டு, வீட்டின் ஆழம் 30 அடி போக, பின்னால் 50 அடி இருக்கிறது. பின் எல்லையிலிருந்து 20 அடி விட வேண்டுமென்றால் 30 அடி வரை கட்டலாம். 6,000 சதுர அடி மனையில் 45 விழுக்காடு கட்டலாம் என்ற விதிப்படி மொத்தம் 2,700. வீடும் காரேஜும் சேர்ந்து 1,600 போக, 1,100 மீதம். எங்களுக்கு வேண்டிய 600 எளிதில் அடங்குகிறது. நகரத்துக்கு நகரம் இவ்வெண்கள் மாறும் என்பதால் ஒவ்வொருவரும் தம் நகரத்தின் அட்டவணையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இடம் இருப்பதால் மட்டும் இவ்வழி எளிதாகிவிடாது. பின்சுவரை முழு நீளத்துக்கும் பன்னிரண்டு அடி தள்ளிவிடுவதுதான் முதலில் எல்லாருக்கும் தோன்றுவது. அதில் இரண்டு தவறுகள் உள்ளன. ஒன்று கூரையினுடையது. 12 அங்குலத்துக்கு 4 அங்குலம் இறங்கும் சாய்வை அப்படியே பன்னிரண்டு அடி நீட்டினால் கூரை நான்கு அடி தாழும். எட்டு அடிச் சுவர் நான்கு அடிச் சுவராகிவிடும். அதனால் சாய்வை வெகுவாகக் குறைத்துத் தட்டையாக்க வேண்டும். தார் ஓடுகளுக்கோ 12க்கு 2 என்ற சாய்வாவது வேண்டும். மற்றொன்று வெளிச்சத்தினுடையது. பின்னால் அறைகள் வந்ததும், அதுவரை தோட்டத்தைப் பார்த்திருந்த கூடமும் அடுக்களையும் வீட்டின் நடுவில் சன்னலற்ற இருட்டறைகளாகும். பின்பக்கம் பார்த்த படுக்கையறைக்கு இது சட்டச் சிக்கலும்கூட. தீ விபத்தில் தப்பிக்க ஒவ்வொரு படுக்கையறையிலும் நேராக வெளியே திறக்கும் சன்னல் வேண்டும். தரைத்தளத்தில் அதன் திறப்பு 5 சதுர அடிக்குக் குறையக் கூடாது, அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தச் சன்னல் இன்னோர் அறைக்குள் திறந்தால் அது கணக்கில் வராது; அந்த அறை படுக்கையறை என்ற தகுதியை இழக்கும். ஓர் அறையைச் சேர்த்து ஓர் அறையை இழக்கும் இந்தத் திட்டத்தை எங்களுக்கு இரண்டு ஒப்பந்ததாரர்கள் தயக்கமின்றிப் பரிந்துரைத்தார்கள் என்பதால்தான் இதை விரித்துச் சொல்கிறேன்.

சரியான வடிவம், வீட்டின் ஒரு கோடியிலிருந்து தோட்டத்துக்குள் செங்குத்தாக நீளும் ஒரு சிறகு. பழைய உடலும் புதிய சிறகும் சேர்ந்து முழங்கை போல மடங்கி நிற்க, அந்த மடிப்புக்குள் தோட்டத்தின் ஒரு பகுதி முற்றமாக அமைகிறது. கிளிஃப் மேயின் வீடுகள் தொடக்கத்திலிருந்தே வைத்திருந்த அமைப்பு இதுதான். சேர்க்கை கட்டுகிறவர் வீட்டை அதன் மூலவடிவத்துக்கு அருகே கொண்டுபோகிறார். கூடத்தின் கண்ணாடிக் கதவு தொடப்படுவதில்லை. புதிய கூரைக்குத் தனி முகடு உண்டு; அது பழைய கூரையின் சாய்வோடு செங்குத்தாக வந்து சேர்கிறது. சேரும் இடத்தில் இருபுறமும் உண்டாகும் பள்ளங்களில்தான் மழைநீரும் இலைகளும் கூடும் என்பதால், அங்கே உலோகத் தகட்டை அகலமாகப் போடச் சொல்லி வரைபடத்திலேயே எழுதி வாங்கினோம். பழைய வீட்டில் துளைப்பது ஒரே ஒரு கதவளவு சுவரை. சிறகின் கூரையும் சுவர்களும் முடியும்வரை அந்தத் துளையைப் போடாமலே வைத்திருக்கலாம். ஆகையால் கட்டும் மாதங்களில் பெரும்பகுதியை வீட்டிலேயே கழிக்க முடியும்.

இதற்கு நாங்கள் கொடுக்கும் விலை தோட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு. தோப்புக் காலத்தில் நட்டதோ என்று நாங்கள் நம்பும் ஓர் ஆப்ரிகாட் மரம் சிறகு வரும் பக்கத்தில் நின்றது. அதன் வேர்ப்பரப்பைக் காப்பாற்ற வரைபடத்தை நான்கு அடி நகர்த்தி, வேலை அறையைச் சிறிதாக்கிக்கொண்டோம்.

இடித்துக் கட்டுவதும் வரியும்

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே சிக்கனம் என்று சொல்கிறவர்கள் பலர். அடித்தளம் உடைந்து, கழிவுநீர்க் குழாய் போய், மின் இணைப்பும் போன வீட்டுக்கு அது உண்மையாக இருக்கலாம். புதிய வீடு என்று ஆனவுடன் புதிய வீட்டுக்குரிய விதிகள் முழுவதும் வந்து சேரும்: 2011 முதல் கூரையில் தீயணைப்புத் தெளிப்பான்கள், 2020 முதல் சூரியத் தகடுகள். இடிக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு செய்து, விரிகுடாப் பகுதிக் காற்றுத் தர அமைப்புக்கு அறிவித்து, ஜே எண் எனப்படும் பதிவெண்ணைப் பெற வேண்டும். பல நகரங்களில் சுவர்களில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டாலே அது புதிய வீடாகக் கருதப்படும் என்பதால், சீரமைப்பு என்று தொடங்கிய வேலை தெரியாமல் இந்த எல்லையைத் தாண்டிவிடவும் கூடும்.

சொத்து வரியும் இதில் கலந்திருக்கிறது. 1978இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவின்படி வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராது. சேர்க்கை கட்டினால் புதிய பகுதிக்கு மட்டும் புதிய மதிப்பு சேரும். பழைய வீட்டின் மதிப்பும் நிலத்தின் மதிப்பும் அப்படியே இருக்கும். இடித்துக் கட்டினால் நிலத்தின் பழைய மதிப்பு தொடரும், கட்டிடம் முழுவதும் இன்றைய மதிப்புக்குப் போகும். பெற்றோர் வழியாகவோ பல ஆண்டுகளுக்கு முன்போ வீட்டைப் பெற்றவர்களுக்கு இந்த வேறுபாடு ஆண்டுதோறும் தெரியும்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றிய காரணம் வேறு. எங்கள் சுவர்ப்பலகையைத் திறந்தபோது உள்ளே இருந்த சட்டங்கள் நெருக்கமான வளையங்கள் கொண்ட டக்ளஸ் ஃபிர் மரம். அடித்தளத்தின்மேல் கிடந்த பலகை கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரம், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கறையான் தொடாதது. இன்று கடையில் கிடைக்கும் மரம் அந்தத் தரத்தில் இல்லை. அதைக் குப்பைப் பெட்டியில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஒப்பந்தம் போடும் கட்டத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் வீட்டுச் சீரமைப்புக்கு ஒப்பந்ததாரர் வாங்கக்கூடிய முன்பணம், ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதுதான். எங்களிடம் ஒருவர் 20 விழுக்காடு கேட்டார்; மரம் வாங்க வேண்டும் என்று காரணமும் சொன்னார். அவருடைய விலைதான் எல்லாவற்றிலும் குறைவாக இருந்தது. அவரோடு பேச்சை அன்றே முடித்துக்கொண்டோம். சுவரையும் தரையையும் திறந்த பின் வெளிப்படுபவற்றுக்காக மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வைத்துவிட்டுத்தான் கையெழுத்திட்டோம். மேற்சொன்ன கண்ணாடி அறையை அகற்றியபோதே அதில் ஒரு பகுதி செலவாகிவிட்டது.

கடைசியாக எஞ்சியிருந்த கேள்வி சிறகின் தரை மட்டத்தைப் பற்றியது. மண்ணின்மீதே கான்கிரீட் தளம் ஊற்றினால் செலவு குறையும். ஆனால் பழைய வீட்டின் தரை ஒன்றரை அடி உயரத்தில் இருப்பதால் அம்மாவின் அறைக்குள் இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். பொறியாளர் கான்கிரீட்டைப் பரிந்துரைத்தார், நாங்கள் மறுத்தோம். புதிய தரையும் பழைய தரையின் மட்டத்திலேயே மரவிட்டங்களின்மேல் வருகிறது. அறையின் வெளிக்கதவுக்கு அப்பால் அதே மட்டத்தில் ஒரு திண்ணை, அங்கிருந்து ஆப்ரிகாட் மரத்தைச் சுற்றிப் படியே இல்லாமல் மெல்லச் சரிந்து தோட்டத்தில் இறங்கும் பாதை. 12 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில் அது 18 அடி நீளம் வந்தது. வரைபடத்தை அம்மாவுக்குக் காட்டியபோது, அறையை விட்டுவிட்டு அந்தப் பாதையின்மேல்தான் விரலை வைத்து, இது எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டார்.